வாகனமா, பயணக் காசா? வன்னியில் களவேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

"மாமா, வாகனத்தை எடுக்கட்டுமா, காசை எடுக்கட்டுமா?"

அக்காவின் மகள் நியமனக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கேட்டாள். கச்சானும் உழுந்தும் கொள்முதல் செய்கிற ஒரு கம்பனியில் கள உத்தியோகத்தர் வேலை. அலுவலகம் கிளிநொச்சி நகரத்தில் இருக்கிறது. அவளுக்குப் பொறுப்பாகக் கொடுத்திருக்கிற விவசாயிகள் தருமபுரம், விசுவமடு தொடங்கிப் புதுக்குடியிருப்பு வரை பரந்து கிடக்கிறார்கள். கடிதத்தின் ஐந்தாவது பந்தியில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று, அலுவலக மோட்டார் சைக்கிளும் அதற்கான பெற்றோலும். மற்றது, சொந்த வாகனத்தில் ஓடுவதற்கு மாதம் 25,000 ரூபா பயணப்படி. மூன்று நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் காசை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "மிஞ்சுகிறது உனக்குத்தானே" என்பது அவர்களுடைய நியாயம். மாதம் 25,000 என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நான் களத்தில் ஓடியும், பின்னர் கணக்குப் பிரிவில் இருந்து மற்றவர்களின் ரன்னிங் சார்ட்டுகளை, அதாவது வாகனம் ஓடிய தூரத்தைப் பதிகிற தாள்களைப் பார்த்தும் பதினாறு வருடம் கழித்தவன். இரண்டு விதமாகவும் ஓடியிருக்கிறேன். அதனால் "காசை எடு" என்று உடனே சொல்ல என் வாய் வரவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

முதலில் தூரத்தை எழுதினோம். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்தி, அங்கிருந்து ஏ35 வீதியால் புதுக்குடியிருப்பு. ஒரு வழி ஏறக்குறைய 40 கிலோமீற்றர், போய் வர 80. ஆனால் விவசாயிகள் ஏ35 ஓரத்தில் வரிசையாகக் குந்தியிருப்பதில்லை. உடையார்கட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும், தேராவிலுக்குள் போக வேண்டும், ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு வரம்போரமாகச் சுற்ற வேண்டும். அதற்கு இன்னொரு 30 கிலோமீற்றர் வைத்தோம். ஒரு நாளைக்கு 110, மாதத்தில் இருபது களநாள் என்றால் 2,200 கிலோமீற்றர்.

அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. சம்பளத்தைப் பார்ப்பார்கள், படியைப் பார்ப்பார்கள். கிலோமீற்றரை யாரும் கேட்பதுமில்லை, அலுவலகம் தானாகச் சொல்வதுமில்லை.

மோட்டார் சைக்கிள் நல்ல காப்பற் வீதியில் லீற்றருக்கு 45, 50 என்று ஓடும். கிரவல் வீதியில், இரண்டாம் கியரில், பின்னால் ஒரு மாதிரி மூட்டையும் கட்டிக்கொண்டு ஓடினால் 35க்கு இறங்கிவிடும். இரண்டையும் கலந்து 40 என்று வைத்தோம். மாதம் 55 லீற்றர். கணக்குக்கு இலகுவாக லீற்றர் 300 ரூபா என்று எடுத்தால் பெற்றோலுக்கு மட்டும் 16,500. கையில் மிஞ்சுவது 8,500.

"எட்டாயிரத்து ஐந்நூறு லாபம்தானே, மாமா?"

இந்த இடத்தில்தான் பலர் கொப்பியை மூடுகிறார்கள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். மாதம் 2,200 கிலோமீற்றர் என்றால் வருடத்துக்கு 26,400. மூன்று வருடத்தில் எண்பதாயிரத்தைத் தொடும். 650,000 ரூபாவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். எண்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய வாகனத்தை மூன்று வருடம் கழித்து 400,000க்கு விற்க முடிந்தாலே பெரிய விஷயம். போன 250,000 ரூபாவை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் கிட்டத்தட்ட 7,000. இது எந்தப் பற்றுச்சீட்டிலும் வராத செலவு. வாகனத்தை விற்கும் நாளில்தான் கண்ணில் தெரியும்.

மிச்சம் 1,500 ரூபா. அதற்குள் ஓயில் மாற்ற வேண்டும். இந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டி வரும். பின் ரயர், செயினும் பல்லுச் சக்கரமும், பிரேக் சூ, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், அதற்கு முன் எடுக்க வேண்டிய புகைப் பரிசோதனை எல்லாம் அந்த 1,500க்குள்தான். அடங்காது. சம்பளத்திலிருந்து எடுத்துத்தான் கம்பனியின் வேலைக்கு ஓடியிருப்பாள்.

இதே 25,000ஐக் கிளிநொச்சி நகரத்தோடு சேர்ந்த பகுதிக்குப் பொறுப்பான இன்னொருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். கரடிப்போக்கு, உருத்திரபுரம், மறுபக்கம் வட்டக்கச்சி. நாளைக்கு 30 கிலோமீற்றர், மாதம் 600. பெற்றோல் 15 லீற்றர், 4,500 ரூபா. வாகனமும் மெதுவாகத்தான் தேயும். அவருக்குக் காசு நல்ல தெரிவு, யோசிக்கவே தேவையில்லை. கடிதத்தில் உள்ள எண் ஒன்றுதான். ஒருவருக்கு அது சம்பள உயர்வு, மற்றவருக்குச் சம்பள வெட்டு. அதனால்தான் சிநேகிதியின் அனுபவத்தைக் கேட்டு முடிவெடுக்காதே என்று அவளுக்குச் சொன்னேன். சிநேகிதி ஓடுவது எந்த வீதியில் என்று கேள்.

வீதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வன்னியில் வாகனத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கிலோமீற்றரை விட மண்தான். ஏ9, ஏ34, ஏ35 எல்லாம் போருக்குப் பிறகு காப்பற் போடப்பட்டுவிட்டன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை இப்போது வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் களவேலை பிரதான வீதியில் முடிவதில்லை. ஆடி, ஆவணியில் கிரவல் வீதியால் ஒரு டிப்பர் முன்னால் போனால் பின்னால் வருகிறவருக்கு வானமே சிவப்பு. அந்தத் தூசி எயார் பில்டருக்குள் போய் அடைந்துகொள்ளும். ஒரு தடவை வாகனம் ஏறவே மாட்டேன் என்று இழுத்தபோது கராச்சில் பில்டரைக் கழற்றினார்கள். மெக்கானிக் தம்பி அதை நிலத்தில் தட்டத் தட்ட ஒரு சிறங்கை சிவப்பு மாவு கொட்டியது. "அண்ணை, இது பில்டரா, மிளகாய்த்தூள் பையா?" என்று அவர் கேட்டார். எண்ணெய் பூசிய செயினில் அதே மாவு ஒட்டிக்கொண்டால் அரம் போட்டு ராவுவது போலப் பல்லுச் சக்கரத்தைத் தின்றுவிடும்.

ஐப்பசி பிறந்தால் கதை மாறும். களிமண் சில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இறுகி, சில்லே சுற்றாமல் நின்றுவிடும். ஒரு தடியை முறித்துக் குத்தி எடுத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். குளங்கள் வான் பாயும் காலத்தில் தாழ்ந்த பாலங்களின் மேலால் தண்ணீர் ஓடும். வட்டுவாகலின் பழைய ஒடுங்கிய பாலத்தை மாரியில் கடந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பேருடைய மோட்டார் சைக்கிள்கள் தண்ணீருக்குள் நின்றன. இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்த வாகனத்தைத் திருத்துகிற செலவு யாருடையது என்பதுதான் இங்கே கேள்வி. அலுவலக வாகனமென்றால் அலுவலகத்தினது. பயணப்படி வாங்குகிறவர் என்றால் அவருடையது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் ஒரு சதமும் கிடைக்காது.

காப்புறுதி என்றதும் இன்னொன்று. சொந்த வாகனத்தை நாள்தோறும் ஒரு கம்பனியின் வேலைக்கு ஓட்டுவதாக இருந்தால் அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனிப்பட்ட பாவனை என்று பதிந்துவிட்டு, விபத்து நடந்த பிறகு மூட்டை கட்டிய வாகனத்தோடு நின்று விளக்கம் சொல்வது கடினம்.

இனி 2022. அந்த வருடம் நான் பயணப்படி வாங்கிக்கொண்டிருந்தேன். மாதம் 12,000 ரூபா. எனக்குத் தேவைப்பட்டது 35 லீற்றர் அளவு. 2021 மார்கழியின் கடைசிப் பகுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 35 லீற்றருக்கு 6,195. பாதிப் படி மிஞ்சியது, நன்றாகத்தான் இருந்தது. பங்குனியில் 254 ஆனது. சித்திரையில் 338. வைகாசியில் 420. ஆனிக் கடைசியில் 470. அதே 35 லீற்றருக்கு 16,450 ரூபா. ஆறு மாதத்துக்குள் படி முழுவதும் பெற்றோலுக்குப் போய், அதற்கு மேலும் நாலாயிரத்துச் சொச்சம் சம்பளத்திலிருந்து போட வேண்டி வந்தது. அதுவும் பெற்றோல் கிடைத்தால்தான். இரவிரவாக வரிசையில் வாகனத்தை நிறுத்திவிட்டு அதன் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறோம். ஆடியில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஒரு வாரத்தில் எனக்குத் தேவைப்பட்டதில் பாதி.

நான் வேலை செய்த இடத்தில், களத்துக்குப் போகாத நாட்களுக்குப் பயணப்படியை நாட்கணக்காக வெட்டினார்கள். பெற்றோல் இல்லாததால் போக முடியவில்லை என்பது அவர்களுக்கு ஒரு காரணமாகவே படவில்லை. புரட்டாதியில்தான் படியை உயர்த்தினார்கள், முந்திய மாதங்களுக்கு நிலுவை இல்லை. அலுவலக மோட்டார் சைக்கிளில் ஓடிய சக ஊழியர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுடைய வாகனமும் நின்றது. ஆனால் வாகனம் நின்ற நட்டம் அலுவலகத்தினது, அவர்களுடைய சம்பளம் முழுதாக வந்தது. எனக்கு மனதில் பதிந்த வித்தியாசம் அதுதான்: விலை ஏறும்போது, வீதி உடையும்போது, மழை பெய்யும்போது அந்தச் சுமை யாருடைய தோளில் இறங்குகிறது என்பது. பயணப்படியை வாங்குகிற கையெழுத்தோடு அந்தச் சுமையையும் பொறுப்பேற்கிறோம். அப்படிப் பொறுப்பேற்பதற்கு 25,000 போதுமா என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதும் "அப்படியென்றால் அலுவலக வாகனம்தானே" என்று அவள் கடிதத்தை மடிக்கப் போனாள். அதிலும் நான் பட்டது ஒன்று இருக்கிறது.

2015 மார்கழி. அப்போது அலுவலக மோட்டார் சைக்கிள் என்னிடம் இருந்தது, இரவில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் நிற்கும். ஒரு நாள் இரவு பத்தரை மணியிருக்கும். பக்கத்து வீட்டுப் பொடியன், பன்னிரண்டு வயது, கோழிக்கூட்டை அடைக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. அவனுடைய தாய் கத்திக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள். 1990 என்ற எண்ணுக்கு அழைக்கிற அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018இல்தான். அந்த இரவில் எங்களுக்கு இருந்தது ஓட்டோக்காரரின் தொலைபேசி எண் மட்டும், அவரும் எடுக்கவில்லை. பொடியனை எனக்கும் தாய்க்கும் நடுவில் இருத்தி, அவளுடைய சேலைத் தலைப்பால் மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மாவட்ட வைத்தியசாலைக்கு ஓடினேன். போக 13, வர 13, மொத்தம் 26 கிலோமீற்றர். பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு அவன் வவுனியாவில் படிக்கிறான்.

மாத முடிவில் ரன்னிங் சார்ட் சரிபார்த்தபோது அந்த 26 கிலோமீற்றர் தனியாக நின்றது. வேலை நேரத்துக்கு வெளியே, அனுமதி இல்லாமல், அலுவலகத்தைச் சேராத இருவரை ஏற்றியது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன். எழுதிய பிறகும் 26 கிலோமீற்றருக்கான காசை என் சம்பளத்தில் வெட்டினார்கள். தொகை சிறியது. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. விறாந்தையில் ஒரு வாகனம் நிற்கிறது, தாங்கியில் பெற்றோல் இருக்கிறது, பிள்ளை துடிக்கிறான். அதைத் தொடலாமா என்று ஒரு கணமாவது யோசிக்க வைக்கிற ஒழுங்கை யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பிறகு நான் வேறொரு இடத்தில் கணக்குப் பிரிவுக்குப் போனபோது முதலில் செய்த வேலை, ரன்னிங் சார்ட்டில் "உயிர் அவசரம்" என்று ஒரு நிரலைச் சேர்க்க முகாமையாளரிடம் அனுமதி கேட்டு எழுதியதுதான். அவர் மறுக்கவில்லை.

ஆகவே அலுவலக வாகனத்தின் விலை இதுதான்: அது வீட்டில் நின்றாலும் வீட்டுக்கு உதவாது. தாயைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை புதூர் நாகதம்பிரானுக்குப் போக முடியாது, தம்பியை ரியூசனில் விட முடியாது. உள்ளூர் பஸ் காலையில் ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்று என்று ஓடுகிற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. அங்கே மோட்டார் சைக்கிள் ஒருவருடைய வாகனமாக இருப்பதில்லை, முழு வீட்டுக்கும் அதுதான் கால்.

வன்னியில் சொந்த வாகனம் என்பதற்கு வேறொரு கனமும் இருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இரண்டு துளி பெற்றோலில் தட்டி எழுப்பி மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் எல்லாவற்றையும் வழிவழியே விட்டுவிட்டு வெறுங்கையோடு போனோம். எங்கள் வீட்டு வாகனத்தை ஒரு பனையோடு சாய்த்து வைத்துவிட்டு அப்பா திறப்பை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தத் திறப்பு இன்னும் சாமித்தட்டில் இருக்கிறது. அதனால் "என் பெயரில் ஒரு வாகனம் வேண்டும்" என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் அதைக் கணக்குத் தெரியாத ஆசை என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் அந்த ஆசையை லீசிங்கில் தீர்த்துக்கொள்ளப் போகும்போதுதான் எனக்குப் பயம். பயணப்படியைக் காட்டித்தான் லீசிங் எடுக்கிறார்கள். மாதம் 25,000 வருகிறது, தவணை 20,000, சமாளிக்கலாம் என்று. பெற்றோலுக்கு என்ன மிஞ்சும் என்று பார்ப்பதில்லை. அதை விடப் பெரிய ஆபத்து கால அளவில் இருக்கிறது. இங்கே களவேலைகளில் பெரும்பகுதி வருட ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மீள்குடியேற்றக் காலத்தில் கிளிநொச்சியில் ஒழுங்கைக்கு ஒரு அமைப்பின் பெயர்ப்பலகை இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. பயணப்படி பன்னிரண்டு மாதத்தில் நின்றுவிடும், தவணை நாற்பத்தெட்டு மாதம் நிற்கும். தவணை முடியும் வரை வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது நிதி நிறுவனத்தின் பெயர். இரண்டு மூன்று தவணை தவறி, வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போன வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கையில் காசு வைத்து வாங்குகிறவருக்கும், ஏற்கெனவே வாகனம் வைத்திருப்பவருக்கும் பயணப்படி பொருந்தும். பயணப்படியை நம்பி வாகனம் வாங்கப் போகிறவருக்கு என் பதில், வேண்டாம்.

கார் கிடைக்கிற நிலையில் இருப்பவர்கள், கிளை முகாமையாளர், பிராந்தியப் பொறுப்பாளர் போன்றவர்களுக்குக் கணக்கு இன்னும் தெளிவு. 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 மாசி மாதம்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களே யானை விலை விற்றன; திறந்த பிறகும் வரிகளோடு சேர்ந்து விலை இறங்கி வந்துவிடவில்லை. கம்பனி ஒரு காரைக் கொடுத்து, தனிப்பட்ட பாவனைக்கும் எழுத்தில் அனுமதி தருகிறது என்றால், அதற்கு ஈடான காரைப் பயணப்படியில் உருவாக்குவது இன்றைய நிலையில் மிகக் கடினம். காரை எடுங்கள்.

வருமான வரியையும் இந்தச் சம்பள மட்டத்தில் பார்க்க வேண்டும். மாதாந்தப் பயணப்படி என்பது உழைப்பு வருமானத்தோடு சேரும். 2025 சித்திரையிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதம் 150,000 ரூபா வரை வரி விலக்கு. அதற்கு மேல் முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்ததற்கு 18 வீதம் என்று ஏறும், உச்சம் 36 வீதம். என் மருமகள் போன்றவர்களுக்கு இது எட்டாத உயரம். மாதம் இரண்டரை இலட்சம் எடுக்கிற முகாமையாளருக்குப் பயணப்படியின் ஒரு பகுதி வரியாகப் போகும். அதே காசைப் பற்றுச்சீட்டுக் காட்டி, கம்பனிக்காகச் செய்த செலவின் மீளளிப்பாக வாங்கினால் வருமானத்தில் சேராது. கம்பனிக் காரின் தனிப்பட்ட பாவனையும் ஒரு நன்மையாக மதிக்கப்பட்டு வரிக்கு வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லா மட்டத்தினரும் பார்க்க வேண்டிய ஒரு வரி சம்பளப் பிரிப்பில் இருக்கிறது. சிலர் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதிவிட்டு மிகுதியைப் பயணப்படி என்று பெயர் போட்டுக் கொடுப்பார்கள். மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களுடைய 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் அந்தக் குறைத்த சம்பளத்தின் மீது கணக்கிடப்படும். ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று வருகிற பணிக்கொடையும் அப்படியே சுருங்கும். அடிப்படைச் சம்பளம் 50,000, பயணப்படி 40,000 என்று ஒரு கடிதம் வந்தால், அந்த 40,000இல் உண்மையில் பயணத்துக்குரியது எவ்வளவு என்று கேளுங்கள். முதுமைக்குச் சேர வேண்டிய காசைப் பெற்றோல் என்று பெயர் மாற்றி எரிக்க விடக் கூடாது.

அலுவலக வாகனம், மாதாந்தப் பயணப்படி இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் விரும்புவது அதைத்தான்: சொந்த வாகனம், ஓடிய கிலோமீற்றருக்குக் காசு. மாதம் முழுவதற்கும் ஒரு தொகை என்று கட்டாமல், கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பேசி, பெற்றோல் விலை மாறும்போது அந்த வீதமும் மாறும் என்று எழுதிக்கொள்வது. 1,000 ஓடினால் ஆயிரத்துக்குரியது, 2,200 ஓடினால் அதற்குரியது. பெற்றோலோடு தேய்மானமும் சேர்ந்த வீதமாக இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் பெற்றோலுக்குக் கிலோமீற்றருக்கு ஏழரை ரூபா, வாகனத் தேய்மானத்துக்கு மூன்று ரூபாவுக்கு மேல், ஓயிலும் ரயரும் செயினும் அதற்கு மேலதிகம். ஏழரை ரூபாவை மட்டும் தருகிறோம் என்று ஒரு அலுவலகம் சொன்னால், உங்கள் வாகனத்தை இலவசமாகக் கேட்கிறது என்று பொருள். பலர் இப்படிக் கேட்கத் தயங்குகிறார்கள், வேலை கிடைத்ததே பெரிது என்று. கேட்டதற்காக வேலையைப் பறித்ததை என் பதினாறு வருடத்தில் நான் காணவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு விசுவமட்டுக்கு அங்கால் ரயர் போனால் யாருக்கு அழைப்பது? அலுவலக வாகனம் என்றால் அலுவலகத்துக்கு அழைக்கலாம், இன்னொரு வாகனம் அனுப்ப வேண்டியது அவர்களுடைய கடமை. சொந்த வாகனம் என்றால் தம்பியை அழைக்க வேண்டும், அவன் வரும் வரைக்கும் தனியே நிற்க வேண்டும். மாங்குளம் ஒட்டுசுட்டான் பக்கம் மாலையில் யானை இறங்கும். ஏ9இல் இரவில் மாடுகள் வீதியின் சூட்டுக்கு நடுவிலேயே படுத்துக் கிடக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும் வரை தெரியாது. எந்தத் தெரிவை எடுத்தாலும், ஆறு மணிக்குப் பிறகு களத்தில் நிற்கச் சொல்லக் கூடாது என்பதை நேர்முகத்திலேயே பேசிவிட வேண்டும்.

அன்று இரவு அவள் கம்பனிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். 2,200 கிலோமீற்றர் கணக்கை அப்படியே போட்டு, 25,000 ரூபா போதாது, ஆகவே அலுவலக மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்கிறேன் என்று எழுதினாள். அதோடு நாலு விடயங்களை எழுத்தில் கேட்டாள்: வாகனத்துக்கு முழுமையான காப்புறுதி இருக்கிறதா, விபத்தில் காப்புறுதி கொடுக்காத பகுதியை யார் ஏற்பது, வாகனம் பழுதான நாட்களுக்குச் சம்பளம் குறையாதா, உயிர் அவசரத்துக்கு வாகனத்தை எடுத்தால் அடுத்த நாள் அறிவித்தால் போதுமா. கடைசிக் கேள்வியை நான் சொல்லித்தான் சேர்த்தாள். முதல் மூன்றுக்கும் இரண்டு நாளில் பதில் வந்தது. நாலாவதற்குத் தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். எழுத்தில் தாருங்கள் என்று மரியாதையாகத் திரும்பக் கேட்டாள். மூன்றாம் நாள் பின்னேரம் ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது, சம்மதம் என்று.

திங்கட்கிழமை காலை வாகனத்தைப் பொறுப்பெடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். மூன்று வருடம் ஓடிய வாகனம். முன் மட்கார்டில் வெடிப்பு, பின் பிரேக் கொஞ்சம் தளர்வு, செயின் மாற்றுகிற நிலை. ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதுவித்து, களஞ்சியப் பொறுப்பாளரின் கையெழுத்தும் வாங்கினாள். பிறகு துணியால் மீற்றர்க் கண்ணாடியின் தூசியைத் துடைத்துவிட்டு, ரன்னிங் சார்ட்டின் முதல் வரியில் வாசிப்பை எழுதினாள்: 41,318.